கரண்டி ஸ்டாப்பு

உக்காருங்க. எல்லாரும் குந்துங்க. யோவ் சபாபதி, அந்த போனை அணைச்சிப் பையில போடு. உன் மச்சான் சண்டைய நாளைக்கிப் பேசிக்கலாம். தேவானை, கொட்டாவி போதும், வாயை மூடு. டாக்டர் வந்தப்பறம் தொறக்கலாம். பேச்சு, பேச்சு, பேச்சு! இது ஆஸ்பத்திரியா, மாட்டுச் சந்தையா? டாக்டர் தம்பி வர இன்னும் ஒரு மணி நேரமாவுமாம். டோக்கன் குடுக்கற பொண்ணு சொல்லிட்டுப் போச்சு. அந்த ஒரு மணி நேரம் நீங்க எனக்குச் சொந்தம்.

தோ, மூலையில பாருங்க, எங்க அக்கா மவ வேம்பு. கழுத்துல துண்டைச் சுத்திக்கினு பிள்ளையாராட்டம் உக்காந்திருக்குது. தொண்டை கட்டி மூணு நாளாவுது. மூணு நாளா அது வூட்டுக்காரன் நிம்மதியா சோறு துன்றான். முறைக்கிறத பாரு. முறை, முறை. முறைக்கத்தான் முடியும், பேச முடியாதே!

சரி. சபாபதி வூட்டுப் புது மருமவ ஒரு கேள்வி கேட்டுச்சு. திருப்பூருப் பொண்ணு. எப்படிக் கேட்டுச்சு தெரியுமா? "ஏனுங் பெரியப்பா, பஸ்ஸுல கண்டக்டர் 'கரண்டி ஸ்டாப்பு எறங்கு'ன்னு சொன்னாருங். பாத்திரக்கடை இருக்கும்னு நெனைச்சனுங். பாத்தா ஆஸ்பத்திரி. எல்லாரும் கையில கரண்டியோட உக்காந்திருக்கீங்க. உள்ள பந்தி போடறாங்களா?"

சிரிக்காதீங்க. அந்தப் பொண்ணு கேட்டது நாயம். வேற எந்த ஊருல தொண்டை வலிக்கி கரண்டி எடுத்துக்கினு வருவான்? தோ, என்கிட்டயும் ஒண்ணு இருக்குது. பித்தளை. தேஞ்சி எலையாட்டம் ஆயிடிச்சு. காம்புல என்னமோ வெட்டியிருக்குது, எனக்கு எழுத்து எங்க தெரியும்? பேங்குலயும் கட்டவெரல்தான், பத்திரத்துலயும் கட்டவெரல்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது இது. நான் பாக்கல. காதுல வாங்குனத வாயில குடுக்கறேன். கேளுங்க.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி. இதே செம்மணங்குறிச்சி. வெள்ளைக்காரன் அப்பத்தான் மூட்டை கட்டிக்கினு போயிருந்தானாம். ரோடு கிடையாது, கரண்டு கிடையாது, இந்தக் கட்டடம் கிடையாது. முந்திரித் தோப்பும் செம்மண்ணும்தான். தோப்புக்கு இந்தாண்ட கொட்டை வறுக்கற கொட்டாய். ஆம்பளைங்க வறுப்பாங்க, பொம்பளைங்க உடைப்பாங்க. கட்டையால ஒரு தட்டு, ஓடு வாயைப் பொளக்கும், பருப்பு வெளிய வரும், கூடவே அந்தக் கருப்பு எண்ணெய் வரும். கையில பட்டா வெந்துபோவும். தோலு உரியும், கொப்புளம் போடும், வெடிக்கும், ஊறும். இந்த ஊருப் பொம்பளைங்க கையெல்லாம் அந்தக் காலத்துல கரிச்சட்டி மாதிரிதான் இருக்குமாம்.

அந்தக் கைய யாரும் சீக்குன்னு சொல்லமாட்டாங்க. அது தொழிலு. பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல கையத்தான் பாப்பானாம். கை கருத்திருந்தா, "ஆ, வேலைக்காரப் பொண்ணு"ன்னு தலையாட்டுவானாம். இப்ப தேவானைய யாராச்சும் பொண்ணு பாக்க வந்திருந்தா? அந்தக் கைக்கி ஓடியே போயிருப்பான். எவ்ளோ வெள்ளை! மருதாணி வேற!

சரி, சரி, அடிக்காதே. கதைக்கி வரேன்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு டாக்டரம்மா வந்தாங்களாம். சலோமின்னு பேரு. தெக்கே நாகர்கோவில் பக்கத்துலருந்து. குள்ளமா, கருப்பா, மூக்குக்கண்ணாடி. தனியாளு. ஒரு டிரங்குப் பொட்டி, ஒரு பம்ப் அடுப்பு, ஒரு பீங்கான் பேசினு, ஒரு சிவப்பு சோப்பு. தோ இந்த எடத்துலதான் ஒரு ஓட்டு வூடு எடுத்துக்கினாங்களாம். பேச்சே வேற மாதிரி இருக்குமாம். "என்ன மக்களே, எங்க வலிக்கி? வாயத் தொற பாப்போம். பேடிக்காத, மக்களே, பேடிக்காத." பேடிக்காதன்னா பயப்படாதேன்னு அர்த்தமாம். நம்ம ஊருக்கு அது தெரியறதுக்கே ஆறு மாசம் ஆச்சாம்.

முதல்ல ஊரு சிரிச்சுதாம். ஏன்னா அந்தம்மா ஊசி போடாது. நம்ம ஆளுங்களுக்கு டாக்டருன்னா ஊசி. போடலைன்னா டாக்டரே இல்ல. வறுக்கற கொட்டாயில ஒரு மேஸ்திரி இருந்தானாம். பெரிய மீசை, தொண்டை கட்டி, கோழி கணக்கா கீச்சுகீச்சுன்னு பேசிக்கினு வந்து நின்னானாம்.

"அம்மா, ஒரு ஊசி."

"வாயத் தொறங்க."

"ஊசி வாயிலயா?"

"ஊசியுமில்ல, ஒண்ணுமில்ல. தொண்டை சிவந்திருக்கி, அவ்வளவுதான். சீழ் இல்ல, காச்சல் இல்ல. வெதுவெதுப்பா உப்புத்தண்ணி கொப்புளிக்கணும், கேட்டியா? நாலு நாளு கத்தாம இருக்கணும்."

"மேஸ்திரி எப்படிம்மா கத்தாம இருப்பான்? எனக்கு ரெண்டு ஊசி போட்டுடுங்க."

கடைசி வரைக்கும் போடலியாம். உப்புத்தண்ணியிலயே நாலாம் நாளு ஆளு கொரலு திரும்பி வந்திடுச்சாம். வந்த கொரலால மொதல்ல என்ன பண்ணான்? டாக்டரம்மாவைத்தான் திட்டுனானாம், ஊசி போடாம ஏமாத்திட்டான்னு.

ஆனா அந்தம்மா ஒண்ணு சொல்லுமாம், திரும்பத் திரும்ப. தொண்டைன்னா எல்லாம் ஒரே தொண்டை இல்ல. சும்மா சிவந்தா உப்புத்தண்ணி. சீழ்ப்பொட்டு வெச்சிருந்து காச்சலும் அடிச்சா, அதுக்குத்தான் ஊசி. ஆனா தொண்டையில வெள்ளையா, தோலு மாதிரி ஒட்டிக்கினு, கழுத்து ரெண்டு பக்கமும் மாட்டுக் கழுத்தாட்டம் வீங்கினா, அது அடைப்பான். அன்னைக்கே வண்டி கட்டணும். டவுன் பெரியாஸ்பத்திரியில மருந்து இருக்குது. அன்னைக்கே போனா புள்ள. நாளைக்கின்னா இல்ல. எது எதுன்னு எப்படித் தெரியும்? பாத்தாத்தான் தெரியும். பாக்கணும்னா நாக்கை அமுக்கணும். அமுக்கறதுக்கு அந்தம்மாகிட்ட ஒரே ஒரு தகடுதான் இருந்துச்சாம்.

ஒரு புள்ள வாயில வெச்ச தகட்டை இன்னொரு புள்ள வாயில வெக்கலாமா? கொதிக்கவெக்கணும். தாடையப் புடிச்ச கைய கழுவாம அடுத்த புள்ளையத் தொடலாமா? கழுவணும். சிவப்பு சோப்பு போட்டுக் கழுவணும். ஒரு வாயி, ஒரு கழுவு. ஒரு வாயி, ஒரு கழுவு. காலையில நாப்பது வாயி, சாயந்திரம் முப்பது வாயி. மழைக்காலத்துல இன்னும் கூட. அந்தம்மா கழுவிக்கினே கெடந்துதாம்.

கழுவிக் கழுவி என்னாச்சு? கை வெடிச்சுது. முதல்ல வெரலு இடுக்கு. அப்பறம் பொறங்கை. செவந்து, சொரசொரன்னு, நீரு கோத்து, வெடிச்சி, கசிஞ்சி... கரப்பான். கரப்பான் வந்தா ஊறும். சொறிஞ்சா கசியும். அந்தம்மா மெல்லிசு துணி சுத்திக்கினாங்களாம். துணியில மஞ்சளா கறை தெரியுமாம்.

கைய கழுவுனா, கை வெடிச்சுது. கை வெடிச்சுது, ஊரு பாத்துது.

எங்க பாத்துது? கொட்டை உடைக்கற கொட்டாயிலதான். அங்க ஒருத்தி இருந்தா. பேரு வேணாம். பேரு சொன்னா சண்டை வரும். அந்த வம்சத்து ஆளுங்க ஊருலதான் இருக்காங்க. ஏன், இந்த ஆஸ்பத்திரியிலயே உக்காந்திருக்கலாம். சபாபதி, ஏன்யா நெளியற? கதவுக்காரின்னு வெச்சிக்குவோம். ஏன் கதவுக்காரின்னு போகப்போகத் தெரியும்.

கதவுக்காரி வாயி இருக்குதே, அது ஒரு தனி ஊரு. ஒரு கொட்டைக்கி ஒரு சேதி. தட்டு, ஒரு சேதி. தட்டு, ஒரு சேதி. அவ சொன்னாளாம்: "ஏண்டி, பாத்தீங்களா அந்த டாக்டரு கைய? துணி சுத்தி மறைக்கிறா. எதை மறைக்கிறா? பெருநோவு. நான் சொல்றன், குட்டம். இல்லாட்டி ஏன் நூறு தடவை கழுவணும்? சுத்தமான கையை எவளாச்சும் நூறு தடவை கழுவுவாளா?"

தட்டு.

"அந்தக் கையத்தாண்டி நம்ம புள்ளைங்க வாயில வுடறா."

இதைச் சொன்ன கை எப்படி இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? கருத்து, வெந்து, கொப்புளம் வெடிச்சி, சீல வெச்சி கட்டியிருந்துதாம். கேட்டுக்கினு இருந்தவளுங்க கையெல்லாமும் அப்படித்தான். அந்தக் கையாலயே மோவாக்கட்டையப் புடிச்சிக்கினு, "அய்யய்யோ, ஆமாம்டி"ன்னாளுங்களாம். நம்ம கை வெந்தா தொழிலு. அவ கை வெந்தா சீக்கு. அப்படி ஒரு ஊரு இது. வேற எந்த ஊரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்காது. நம்மதான் பண்ணோம்.

ஒரு வாரம். டாக்டரம்மா வாசல் காலி. நாப்பது வாயி நாலு வாயி ஆச்சு, நாலு ஒண்ணாச்சு. மேஸ்திரி மட்டும் வருவானாம், ஊசி கேக்கறதுக்கு.

காலியா இருந்தா கை ஆறியிருக்கும்தானே? அந்தம்மா சும்மா இருக்கல. மாசி மாசம் பக்கத்து ஊருல ரெண்டு புள்ளைங்க அடைப்பான்ல போச்சுன்னு சேதி வந்துச்சாம். அந்தம்மா வூடு வூடா நடக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். பையைத் தூக்கிக்கினு, தகட்டை வெள்ளத் துணியில சுத்திக்கினு. "மக்களே, புள்ளைக்கி தொண்டை வலி உண்டா? ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

இருக்குதுன்னு எவ சொல்லுவா? "எங்க புள்ள நல்லாருக்குது." டப். கதவு. "தூங்குது." டப். "ஊருக்குப் போயிருக்குது." உள்ளாரருந்து புள்ள இருமும். டப்.

இப்ப கதவுக்காரி வூட்டுக்கு வரணும்.

அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியது பொண்ணு, ஆறு வயசு. பவுனுன்னு பேரு. சின்னது கைப்புள்ள, ஆம்பளப் புள்ள, தவழற பருவம். அந்தப் பவுனு கொட்டாயிக்கி ஆத்தாகூட வந்து உடைச்ச பருப்பை எண்ணுமாம். எண்றது சும்மா எண்ணாதாம், ராகம் போட்டு எண்ணுமாம். ஒண்ண்ணு, ரெண்ண்டு, மூண்ண்ணு... இருபதுக்கு மேல தெரியாது. இருபது வந்தா திரும்பவும் ஒண்ணு. மொத்தக் கொட்டாயும் அந்த ராகத்துக்குத்தான் கட்டையத் தட்டுமாம்.

ஒரு நாளு அந்தப் புள்ள எண்ணல. தொண்டை வலிக்குதுன்னுச்சு. எச்சி முழுங்கலே. கதவுக்காரி என்ன பண்ணா? உள்நாக்கு விழுந்திடுச்சுன்னா. கட்டவெரலை வுட்டுத் தூக்கி விடற ஆளு ஒருத்தன் இருந்தான், அவனைக் கூப்புட்டா. அவன் வெரலை உள்ள வுட்டான். புள்ள கத்துச்சு. வெரல்ல ரத்தம் வந்துச்சு. "ஆச்சு, தூக்கிட்டேன்"ன்னுட்டுப் போயிட்டான்.

மறுநாளு உச்சிவெயிலு. டாக்டரம்மா அந்த வூட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. கதவு பாதி தொறந்திருக்குது. புள்ள உள்ளாரருந்து மூச்சு வுடற சத்தம் தெருவுக்குக் கேக்குது. எப்படி? க்ர்ர்... க்ர்ர்... ரம்பம் அறுக்கறாப்புல. டாக்டரம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அம்மா, நான் பாக்கணும்."

"ஒண்ணும் வேணாம். போ."

"நான் தொடமாட்டேன். உள்ள வரமாட்டேன். இங்க முத்தத்துலயே நிக்கேன். நீயே புள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டா. என் தகடு வேண்டாம். உன் வூட்டுக் கரண்டிய எடு. உன் கையால நாக்கை அமுக்கு. நான் எட்ட நின்னு கண்ணால மட்டும் பாக்கேன். கண்ணுக்கு ஒண்ணும் சீக்கு இல்லல்லா?"

கெஞ்சுனாங்களாம். படிச்ச பொம்பள, கண்ணாடி போட்ட பொம்பள, செம்மண்ணு முத்தத்துல நின்னு கைய பின்னால கட்டிக்கினு கெஞ்சுனாங்களாம். கை தெரியக் கூடாதுன்னு பின்னால கட்டிக்கினாங்களாம்.

கதவுக்காரி சொன்னா: "அந்தக் கைய வெச்சிக்கினு என் வாசலை மிதிக்காதே. என் புள்ளைக்கி நீ சீக்கு குடுக்கவா வந்த?"

கதவைச் சாத்துனா. தாப்பாளு போட்டா. அந்தத் தாப்பாளு சத்தம் மூணு வூடு தள்ளிக் கேட்டுதாம்.

டாக்டரம்மா போகல. கதவுக்கு வெளியவே நின்னுக்கினு சொன்னாங்களாம்: "கழுத்து வீங்குதான்னு பாரு. வெள்ளையா தோலு தெரியுதான்னு பாரு. தெரிஞ்சா வண்டி கட்டு. என்கிட்ட வரவேண்டாம். நேரா டவுனுக்குப் போ." வெயிலு சாயற வரைக்கும் அதையேதான் சொன்னாங்களாம். கழுத்தைப் பாரு, வெள்ளையைப் பாரு, வண்டி கட்டு. கழுத்தைப் பாரு, வெள்ளையைப் பாரு, வண்டி கட்டு. கதவுகிட்ட.

என்ன, எல்லாரும் அமைதியாயிட்டீங்க? இதுக்குத்தான் நான் முன்னாடியே அமைதியா இருங்கன்னேன், அப்ப யாரும் கேக்கல. தேவானை, மூக்கைச் சிந்து, போயிட்டு வந்து உக்காரு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.

மறுநாளு காலையில கதவு தொறந்துச்சு. அந்தக் கழுத்தப் பாத்தா, கழுத்தே இல்ல. தாடையும் தோளும் ஒண்ணாயிடுச்சு. கதவுக்காரி தலைய விரிச்சிப் போட்டுக்கினு புள்ளைய தோள்ல போட்டுக்கினு ஓடி வந்தாளாம். தோ, இந்த எடத்துக்கு. இடுப்புல ஒரு கரண்டி சொருவியிருந்தாளாம். பித்தளை நெய்க்கரண்டி. நேத்து கேட்ட கரண்டி. அவளே வாயைத் தொறந்து, அவளே அமுக்குனா. டாக்டரம்மா பாத்தாங்க. ஒரு நொடிதான். வெள்ளைத் தோலு உள்நாக்கை மூடி அந்தாண்டயும் போயிருந்துச்சு.

வண்டி கட்டுனாங்க. டாக்டரம்மாவும் ஏறுனாங்க. மேஸ்திரிதான் மாட்டை ஓட்டுனானாம். கத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்ன அதே மேஸ்திரி, அன்னைக்கி மாட்டைக் கத்திக் கத்தி ஓட்டுனானாம். ஓடைப் பாலம் தாண்டறதுக்கு முன்னாடியே...

தாண்டல. பாலம் தாண்டல.

நேத்து கதவு தொறந்திருந்தா தாண்டியிருக்கும். அதை யாரும் கதவுக்காரிகிட்ட சொல்லல. டாக்டரம்மாவும் சொல்லல. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். நம்ம ஊருக்கே தெரியும்.

கத இத்தோட முடிஞ்சிருந்தா ஊருல கரண்டி எதுக்கு? கேளுங்க.

புள்ளைய அடக்கம் பண்ணி மூணாம் நாளு. கொட்டாயில பொம்பளைங்க உக்காந்திருக்காளுங்க. யாரும் தட்டல, எண்ண ஆளு இல்ல. தெரு வழியா கதவுக்காரி வராளாம். இடுப்புல கைப்புள்ள. கையில அந்தக் கரண்டி. பட்டப் பகலு. நடுத்தெரு. டாக்டரம்மா வூட்டைப் பாத்து நடக்கறா.

கொட்டாயே எழுந்து பின்னாடி போச்சாம். எதுக்கு? சண்டை பாக்க. புள்ளையச் சாவ விட்டவ டாக்டரம்மாவைத்தான் பழி சொல்லப் போறான்னு நெனைச்சி.

கதவுக்காரி வந்தா. டாக்டரம்மா வாசப்படியில உக்காந்தா. கைப்புள்ளைய மடியில போட்டா, தலையப் பின்னாடி சாச்சா, வெயிலு நேரா வாயில விழறாப்புல. கரண்டியால நாக்கை அமுக்குனா. நிமிந்து பாத்தா. அவ வாயில வார்த்தையில்லாம இருந்தது அன்னைக்கி மட்டும்தானாம்.

டாக்டரம்மா குனிஞ்சாங்க. தொடல. பின்னால கைய கட்டிக்கினு பாத்தாங்க. ஓரத்துல வெள்ளையா, அரிசியத்தனை. ஒட்டியிருக்குது.

"இன்னைக்கே போனா புள்ள."

போனாங்க. அந்தப் பாலம் தாண்டுனாங்க. டவுன்ல மருந்து குத்துனாங்க. குதிரைக்கிப் போட்டு, குதிரை ரத்தத்துலருந்து எடுக்கற மருந்தாம் அது. பத்து நாளு இருந்து புள்ளையோட திரும்பி வந்தாங்க. பொழைச்சிடுச்சு. குதிரை மருந்து ஏறுன வம்சம், இன்னும் ஒரு எடத்துல குந்தத் தெரியாம ஓடிக்கினே கெடக்குதுன்னு சொல்லுவாங்க. யாரு, நானா? நான் ஏன்யா எழுந்து எழுந்து நடக்கறேன்? எனக்குக் காலு மரத்துப்போச்சு.

திரும்பி வந்த அன்னைக்கி கதவுக்காரி டாக்டரம்மாகிட்ட கேட்டாளாம்: "உன் கையில இருக்கறது என்னம்மா?"

டாக்டரம்மா துணிய அவுத்தாங்க. கைய நீட்டுனாங்க. அப்பறம் கதவுக்காரி கையப் புடிச்சி, கட்டியிருந்த சீலத் துணிய அவுத்து, பக்கத்துல வெச்சாங்க. கொட்டாயிப் பொம்பளைங்க எல்லாம் எட்டிப் பாத்தாளுங்க. இந்தக் கை வெடிச்சிருக்குது, அந்தக் கை வெடிச்சிருக்குது. இது கசியுது, அதுவும் கசியுது.

"பாருங்க, மக்களே. ரெண்டும் ஒரே கரப்பான்தான். உங்களுக்குக் கொட்டை எண்ணெய், எனக்கு சோப்பு. பெருநோவுன்னா சுரணை இருக்காது. குண்டூசிய எடுத்து இதுல குத்துங்க, நான் கத்துற சத்தம் மேஸ்திரிக்கிக் கேக்கும். இது ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. எது பட்டு வந்துச்சோ, அது படாம இருந்தா ஆறும்."

எத்தனை வருசமா ஒரே கொட்டாயில ஒருத்தி கைய ஒருத்தி பாத்திருக்காளுங்க! அன்னைக்கித்தான் பாத்தாளுங்களாம்.

அப்பறம் சொல்லிக் குடுத்தாங்களாம். உடைக்க உக்காரதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் வெளக்கெண்ணெய் பூசு. வெரலுக்குத் துணி சுத்து, துணி நனைஞ்சா மாத்து. ஊறுனா சொறியாத, ஈரத்துணி போடு. வெடிச்ச கையில சோப்பு போடாத, சாம்பலும் தேய்க்காத. இன்னைக்கும் கொட்டை உடைக்கறவங்க வெளக்கெண்ணெய் கிண்ணத்தை வெச்சிட்டுத்தானே கட்டையத் தொடறாங்க? அது அன்னைக்கி வந்தது.

"எங்களுக்குச் சொல்லிட்ட. உனக்கு? எது பட்டு வந்துச்சோ அது படாம இருக்கணும்னா நீ சோப்பை வுடணும். சோப்பை வுட்டா புள்ளைங்க வாயி?"

இதைக் கேட்டது யாரு? கதவுக்காரிதான். அதான் டாக்டரம்மாவோட கஷ்டமே. புள்ளைங்களைக் காப்பாத்த கழுவணும். கழுவுனா கை போவும்.

கதவுக்காரிதான் வழி சொன்னா. "நீ ஏன் தொடற? அன்னைக்கி முத்தத்துல நின்னு நீயே சொன்னியே. என் வூட்டுக் கரண்டி, என் கையி, உன் கண்ணு. அவங்கவங்க கரண்டிய அவங்கவங்க கொண்டாரட்டும். அவங்கவங்க புள்ள தாடைய அவங்கவங்க புடிக்கட்டும். வாசல்ல ஒரு அடுப்பு, ஒரு அண்டா வெந்நீரு. கரண்டிய அவங்களே போட்டுக் கொதிக்க வெச்சி எடுத்துக்கட்டும். நீ பாரு. பாத்துச் சொல்லு."

அன்னைக்கே அண்டா வெச்சா. அவ வூட்டு அண்டா. தோ வராண்டாவுல கெடக்குதே கேஸ் அடுப்பு மேல, அதுதான் அது. மூணு தடவை ஈயம் பூசியாச்சு. மறுநாளு அவ கரண்டியோட முதல்ல நின்னா. ரெண்டாவது மேஸ்திரி. கரண்டியில்ல, தோப்புக் கஞ்சி ஊத்தற பெரிய அகப்பைய எடுத்துக்கினு வந்து நின்னானாம். "இது வாயில போவாதுய்யா!" "என் வாயில போவும்மா, நீ ஊசி போடு!" மூணு மாசத்துல ஊரே கரண்டியோட வந்துச்சு. அந்த வருசம் அதுக்கப்பறம் அடைப்பான்ல ஒரு புள்ள போகல. ரெண்டு வண்டி டவுனுக்குப் போச்சு, ரெண்டும் பாலம் தாண்டுச்சு.

டாக்டரம்மா கை? கழுவறது கொறைஞ்சுது, கை ஆறிடுச்சு. மழைக்காலம் வரதுக்குள்ள துணிய அவுத்துட்டாங்களாம். இருபத்தி நாலு வருசம் இந்த எடத்துலயே இருந்து, இங்கதான் கண்ணை மூடுனாங்க. அவங்க வூடு இருந்த எடத்துல ஆஸ்பத்திரி வந்துச்சு, ஆஸ்பத்திரிக்கி ரோடு வந்துச்சு, ரோட்டுக்கு பஸ்ஸு வந்துச்சு, பஸ்ஸுக்குக் கரண்டி ஸ்டாப்புன்னு பேரு வந்துச்சு. இப்பவும் நம்ம ஊருல புள்ள பொறந்தா அரைஞாண் கவுறுக்கு முன்னாடி கரண்டி வாங்குவோம். காம்புல பேரு வெட்டுவோம். பேரு வெட்டறது எப்படி வந்துச்சு? கதவுக்காரி அந்த முதல் கரண்டியில செத்த புள்ள பேரை வெட்டுனாளாம், பவுனுன்னு. அதைப் பாத்து எல்லாரும் அவங்கவங்க புள்ள பேரை வெட்டுனாங்க.

இப்ப இருக்கற டாக்டர் தம்பி வந்த புதுசுல என்ன சொன்னாரு? "ஐயா, கரண்டி எல்லாம் எதுக்குங்க? மரக்குச்சி இருக்குது, ஒரு தடவை வெச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம்." சபாபதி பெரியம்மா என்ன சொல்லுச்சு? "ஐஸ் துன்ற குச்சிய நீ வெச்சிக்க தம்பி. என் பேரு என் கரண்டியிலதான் இருக்குது." அவரும் வுட்டுட்டாரு. வுடாம?

என்ன மருமவளே, போதுமா? பந்தி இல்லன்னு தெரிஞ்சிதா? நாளைக்கே உன் மாமனாரு உனக்கு ஒரு கரண்டி வாங்கித் தரணும். சபாபதி, இதுல கஞ்சத்தனம் பண்ணாத.

"அந்தம்மா பேரு என்னங்க பெரியப்பா? அந்த முதல் கரண்டி இப்ப எங்கிருக்குதுங்க?"

பேருதான் வேணாம்னேனே. எதுக்கு ஒரு வம்சத்தை நடுத்தெருவுல நிறுத்தணும்? கரண்டி எங்க இருக்கும்? எந்த வூட்டு அடுக்குப் பானையில கெடக்குதோ, எந்தப் பாத்திரக்காரன் எடைக்கி வாங்கிப் போனானோ. யாரு கண்டா?

என்ன வேம்பு? தொண்டை கட்டுனவ என்னமோ முனகற? என்ன வேணும், வெந்நீரா? சத்தமா சொல்லு.

"எங்கயும் போகல மாமா. உங்கப்பாரு வாயில வெச்ச கரண்டி, உன் கையிலதான் இருக்குது. காம்பு மேல இருக்கற கட்டவெரலை எடு. பவுனு பேரை அவங்களும் பாக்கட்டும்."